தோணி இறக்க ஒரு சரிவு

தோணி விட துடுப்பை விட முதல் தேவை கரையில ஒரு சரிவு. தண்ணிக்குள்ள மெதுவாக இறங்கிப்போகும் மண் என்றால் ஒராள் இழுக்க ஒராள் தள்ள, அடி உரசாமல் தோணி மிதந்துவிடும். கட்டிய அணையில் இருந்து இறக்குவதென்றால் நாலு பேர் வேணும்.

மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளம். எழுவான்கரை, படுவான்கரை என்று எங்கட நிலத்துக்கே அதை வைத்துத்தான் பேர். அம்பிளாந்துறையின் பெயரிலேயே துறை இருக்கு. மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும்வரை சனமும் வாகனமும் 'பாதை'யில் ஏறித்தான் அக்கரைக்குப் போனது. பாலம் வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராவில ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

நான் தோணி வலிக்கப் பழகியது போன கச்சான் காலத்தில். பக்கத்து வளவு மாமா இறாலுக்குப் போறவர். விடிய வலை வேலை முடிந்ததும் தோணியைத் தருவார். காத்து எழும்ப முதல் கரைக்கு வந்திட வேணும், அதுதான் ஒரே நிபந்தனை. முதல் இரண்டு நாளும் ஒரே இடத்தில் சுத்தினேன். "துடுப்பப் பின்னுக்கு அமத்திப் புடி புள்ள, தோணி தானாக் கிறுகும்" என்று கரையில் நின்று சத்தம் போடுவார். பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குத் தோணி என்று கேட்டவர்களுக்கு மாமிதான் பதில் சொன்னா: "நாங்க வெள்ளாம வெட்ட இதுலதானே போன?"

இப்ப அந்தத் துறையை அழகுபடுத்தி இருக்கிறார்கள். கல் அணை, நடைபாதை, வாங்கு, கம்பி வேலி. பின்னேரம் குடும்பங்கள் வந்து இருக்கிறது, பிள்ளைகள் ஓடுதுகள், பார்க்கச் சந்தோசம்தான். ஆனால் வாவியைப் பார்க்கலாம், வாவிக்குள் இறங்க முடியாது. படி ஒன்று விட்டிருக்கிறார்கள், அதில் இழுத்தால் ஃபைபர் தோணியின் அடி வெடிக்கும். கொஞ்சம் தள்ளி, மதிலுக்குப் பின்னால், காசு கட்டிக் கயாக் ஓடுகிறவர்களுக்கு நல்ல சரிவு இருக்கு.

வேலியைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு தோணியின் அகலத்துக்குச் சரிவும், அதற்கு நேரே வேலியில் ஒரு வழியும் போதும். வரைபடம் கீறும்போது தோணி தள்ளுகிற ஒராளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவர் தடியால் மண்ணில் கீறிக் காட்டியிருப்பார்.

மாமா இப்ப தோணியை அங்கால கண்டல் மரத்தடியில் கட்டுகிறார். சேறு முழங்கால் மட்டும் இருக்கு. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரமும் நடக்கிறார், புது நடைபாதையால.