யார் பேரில்?

"மாப்ளே, ஒரு கேஸ் போடணும். என் பேர்லயே போட்டுடலாம்னு இருக்கேன்."

போடிநாயக்கனூரிலிருந்து நண்பன் போனில் சொன்னபோது ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்தேன். அவன் ஏலக்காய் வியாபாரி. விஷயம் வேறு. போடிக்கு மேலே, ஏலத்தோட்டங்களை ஒட்டிய ஒரு மலைக் கிராமத்திலிருந்து, பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். பாதி வழியிலேயே பிரசவம். தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை. டோலி தூக்கியவர்களில் ஒருவர் இவன் கடைக்குக் காய் கொண்டுவருகிறவர்.

"ரோடு கேட்டு மதுரையில பொதுநல வழக்கு. என்ன சொல்ற?"

நான் வக்கீல் இல்லை. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்கு நினைப்பு. இருந்தாலும் பஸ் ஏறினேன். கடையில் பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொட்டிபுரத்துல நிறுத்தலையா?" என்றான்.

போடிக்காரர்களுக்கு வழக்கு புதிதல்ல. பக்கத்துப் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். வைகோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். பூவுலகின் நண்பர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017-ல் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. நியூட்ரினோ நல்லதா கெட்டதா என்று பார்த்து அல்ல. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்க, அதற்குரிய முறையில் அனுமதி வாங்கவில்லை என்பதுதான் காரணம். 2018-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022-ல் தமிழக அரசே இந்தத் திட்டம் வேண்டாம் என்று அங்கே சொன்னது.

"அங்க காடு உங்க பக்கம் நின்னுச்சு. நீ காட்டுக்குள்ள ரோடு கேக்குற. அதே காடு எதிர்ல வந்து நிக்குமேடா" என்றேன்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனோம். அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"அதிகாரிங்களுக்கு மனு கொடுத்தீங்களா? ரசீது இருக்கா?"

இல்லை.

"ஊர்க்காரங்க கேட்டாங்களா?"

நண்பன் என்னைப் பார்த்தான்.

2006-ம் வருடத்து வன உரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். கிராமசபை பரிந்துரைத்தால், சாலை, பள்ளிக்கூடம், குடிநீர் போன்றவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள், வன நிலம் தரலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது.

"அதைக் கேக்காமலே கோர்ட்டுக்குப் போயி தள்ளுபடி ஆச்சுன்னு வைங்க. நாளைக்கு அந்த ஊர்க்காரனே வந்து நின்னாலும், முதல்ல உங்க உத்தரவைத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

மறுநாள் மலை ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. இந்த வழியில்தான் நான்கு பேர் ஒரு உயிரைத் தோளில் வைத்து இறங்கியிருக்கிறார்கள்.

ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி பேசவில்லை. இளவட்டங்கள் ரோடு வேண்டும் என்றார்கள். ஒரு பெரியவர், "ரோடு வந்தா நாங்க மட்டுமா ஐயா ஏறுவோம்? நிலம் வாங்குறவனும் ஏறுவான்" என்றார்.

அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கேஸு போட்டா எம்பேரு பேப்பர்ல வருமாண்ணே?"

நண்பனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவள் துக்கத்தை மனுவின் முதல் பக்கமாக மனசுக்குள் நாங்கள் எழுதியே முடித்திருந்தோம். அவளிடம் கேட்கவில்லை.

வழக்குப் போடவில்லை. கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். கலெக்டருக்கும் வனத்துறைக்கும் மனு போனது. ரோடு இன்னும் வரவில்லை. காத்திருக்கச் சொன்னது சரியா என்ற உறுத்தல் எனக்கு உண்டு. இன்னொரு டோலி இறங்கினால் என்ன பதில் சொல்வேன்?

போன மாதம் மறுபடி போன்.

"மாப்ளே, கேஸ் போடுறோம்."

"உன் பேர்லயா?"

"இல்லடா. டோலி தூக்குன நாலு பேரும் கையெழுத்துப் போடுறாங்க. என்னைய ஃபைலத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க."