ஹெலிகாப்டர் யாருக்குச் சொந்தம்?

என் வீட்டுக்காரர் தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். என் தம்பி விமானப்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன். மாமன் மச்சான் சண்டை எங்கள் வீட்டில் சொத்துக்காக வந்ததே இல்லை. ஹெலிகாப்டருக்காகத்தான் வரும். பொங்கலோ, கிரகப்பிரவேசமோ, இலை எடுப்பதற்குள் ஆரம்பித்துவிடும்.

"தரையில நின்னு சண்டை போடுறது நாங்க. எங்களுக்காகப் பறக்கிற ஹெலிகாப்டரை இன்னொருத்தர்கிட்ட கேட்டு வாங்கணுமா?" என்பார் அவர்.

"அது பறக்க எத்தனை பேர் கீழே ராத்திரி பகலா உழைக்கணும் தெரியுமா அத்தான்? ஜீப்புன்னு நினைச்சீங்களா?" என்பான் தம்பி.

கேட்டுக் கேட்டு எனக்கே கதை மனப்பாடம். முன்பெல்லாம் பீரங்கிக்காரர்களே சின்ன விமானத்தில் ஏறி, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வார்களாம். அதிலிருந்து வளர்ந்து, 1986 நவம்பர் 1-ல் தரைப்படைக்கென்று தனி விமானப் பிரிவு வந்தது. சேத்தக், சீட்டா மாதிரி சிறிய ஹெலிகாப்டர்கள் இந்தப் பக்கம் வந்தன. தாக்குதல் ஹெலிகாப்டர்கள் விமானப்படையிலேயே தங்கிவிட்டன. பாகப்பிரிவினையில் நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கிணற்றை வைத்துக்கொண்ட கதை என்பார் இவர்.

சியாச்சினில் இருந்தபோது பனியில் கால் விரல்கள் மரத்துப்போய், இவரை சீட்டாவில்தான் கீழே இறக்கினார்கள். அங்கே இரண்டு படைகளுமே சீட்டா ஓட்டுகின்றன. "உங்களை இறக்கினது எங்காளா, உங்காளா?" என்று தம்பி விடாமல் கேட்பான். கண் திறந்து பார்க்கும் நிலையிலா இருந்தார்! உடனே மோர் கேட்பார்.

கார்கில் பேச்சு வந்தால் மட்டும் இருவர் குரலும் தணிந்துவிடும். 1999 மே மாதம், மலை உச்சிகளில் இருந்த எதிரிகள் மீது ஹெலிகாப்டர் தாக்குதல் வேண்டும் என்று தரைப்படை கேட்டது. அந்த உயரத்துக்குத் தாக்குதல் ஹெலிகாப்டர் சரிப்படாது, அரசின் அனுமதியும் வேண்டும் என்றது விமானப்படை. அனுமதி வந்து மே 26-ல் தாக்குதல் தொடங்கியது. 28-ம் தேதி டோலோலிங் அருகே, ராக்கெட் பொருத்திய எம்.ஐ-17 ஒன்றை ஏவுகணை வீழ்த்தியது. ஏவுகணையைத் திசைதிருப்ப நெருப்புப் பொறிகளை உதிர்க்கும் கருவி அதில் இல்லை. நான்கு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் பெயர் ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன். அதன் பிறகு ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"கேட்டவுடனே வந்திருந்தா?" என்பார் இவர். "அனுப்பியே இருக்கக் கூடாது" என்பான் தம்பி.

நடுவில் பரிமாறிக்கொண்டிருக்கும் எனக்கு ஒன்றுதான் தோன்றும். கேட்டது ஒரு படை, பறந்து உயிரை விட்டது இன்னொரு படை. கேட்கிறவர்களே ஓட்டுகிறவர்களாகவும் இருந்தால், இந்த உயரத்தில் இது தாங்குமா என்பது கேட்பதற்கு முன்பே தெரிந்திருக்குமே! அதனால் தாக்குதல் ஹெலிகாப்டர் விஷயத்தில் என் ஓட்டு வீட்டுக்காரருக்கு. (தம்பிக்கு இது தெரியும். அதனால்தான் என்னிடம் வாய் கொடுப்பதில்லை.)

இப்போது காற்று இவர் பக்கம் வீசுகிறது. விமானப்படை 22 அப்பாச்சி வாங்கியிருந்தது. தரைப்படை தனக்கென்று 6 வாங்கியது. அதில் முதல் மூன்று 2025 ஜூலையில் வந்து இறங்கின. அதே ஆண்டு மார்ச்சில் நம் நாட்டிலேயே தயாராகும் பிரசந்த் ஹெலிகாப்டர் 156-க்கு ஒப்பந்தம் போட்டார்கள். தரைப்படைக்கு 90, விமானப்படைக்கு 66. செய்தியைப் பார்த்ததும் இவர் தம்பிக்கு போன் போட்டு, "மாப்ள, 90!" என்றார்.

ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. தம்பி அசரவில்லை. "சந்தோஷம் அத்தான். 90-க்குத் தனிப் பட்டறை போடலாம், நியாயம். அந்த ஆறே ஆறு அப்பாச்சிக்கும் தனியா பட்டறை, தனியா உதிரிபாகம், தனியா மெக்கானிக்கா? யார் காசு?"

இவர் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.