104 அடிக்குக் கீழே

கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்க்கிறவர்கள் காலைப் பேப்பரில் முதலில் தேடுவது முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை. வீரபாண்டியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வருவதே நான்கு எண்கள்: மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு. இதை வைத்துத்தான் நாற்றுப் பாவலாமா, பொறுக்கலாமா என்று முடிவு செய்வார்கள். 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

புதிதாகத் தொடங்கிய ஒரு மென்பொருள் நிறுவனம் எந்த எண்களைக் கவனிக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். வாழைக்காய் கமிஷன் மண்டிகளுக்கான கணக்கு மென்பொருள் செய்கிறோம். போட்டிருப்பது சொந்தச் சேமிப்பு. மாதக் கடைசியில் உட்கார்ந்தால் திரை முழுக்க எண்கள்: எத்தனை பேர் செயலியைத் தரவிறக்கினார்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை சிட்டைகள் போட்டார்கள். எல்லாமே ஏறுமுகம். ஏறாமல் என்ன செய்யும்? தொடங்கிய நாள் முதல் மொத்தம் என்று கூட்டிக்கொண்டே போகிற எண்ணுக்கு இறங்கத் தெரியாது. இறங்கத் தெரியாத எண் எந்த எச்சரிக்கையும் தராது.

பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அந்த உச்ச அளவைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் விவசாயியின் மனசுக்குள் இருப்பது இன்னொரு எண்: 104. அந்த மட்டத்துக்குக் கீழே போனால் சுரங்கம் வழியாகத் தண்ணீர் நம் பக்கம் வராது. அணையில் 114 அடி என்று பேப்பரில் போட்டால், "பத்து அடிதாம்ப்பா இருக்கு, வரத்து எவ்வளவுன்னு பாரு" என்பார் அப்பா.

எங்கள் வங்கிக் கணக்குக்கும் ஒரு 104 உண்டு. கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் 18 சதவீத ஜிஎஸ்டி அரசாங்கத்தின் பணம். ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டிய மண்டிக்கு இன்னும் பத்து மாதம் உழைக்க வேண்டியிருக்கிறது. ஜிஎஸ்டியைக் கழித்து, அந்தச் சந்தாவை மாதவாரியாகப் பிரித்துப் போட்டபின் மிஞ்சுவதை மாத நிகரச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்குவோம் என்று தெரியும். இது முதல் எண். இதில் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

சண்டை வந்தது இரண்டாவது எண்ணில். முதலீட்டாளர்கள் பதிவுகளைத்தான் கேட்பார்கள் என்றான் நண்பன். எத்தனை மண்டிகள் அன்றைய கணக்கை எங்கள் மென்பொருளிலேயே முடித்தன என்று பார்க்கலாம் என்றேன் நான். சாயந்திரம் கணக்கு முடிக்க நோட்டுக்குத் திரும்பிவிட்ட மண்டி, சந்தா முடியும் வரைதான் நம்மோடு இருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் பொறுக்கி எடுக்கின்றன. 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது அதற்கு 50,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். ஆனால் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் முக்கிய அளவீடுகளாக அது காட்டியவை வேறு: ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் தருகிறவர்கள் எத்தனை பேர், பழைய வாடிக்கையாளர்களின் பணம் ஒரு வருடத்தில் கூடியதா குறைந்ததா. இரண்டாவது எண் 2021 ஜூன் கடைசியில் 118 சதவீதம். அதாவது, முந்தைய வருடம் 100 ரூபாய் தந்த அதே கூட்டம், நடுவில் விட்டுப் போனவர்களைக் கழித்த பிறகும், 118 தருகிறது.

அந்தச் சதவீதத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பணம் கட்டும் மண்டிகள் எங்களுக்கு 23. ஒன்று போனால் 4 சதவீதம், இரண்டு போனால் 9. அந்த அளவில் சதவீதம் வெறும் சத்தம். அதனால் சுவரில் 23 பெயர்களையும் எழுதி ஒட்டினோம். ஒரு விதியும் வைத்தோம்: மூன்று நாள் தொடர்ந்து கணக்கு முடிக்காத மண்டிக்கு எங்களில் ஒருவர் நேரில் போக வேண்டும். எண் இறங்கினால் யார் எழுந்து போவது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

அப்படித்தான் சின்னமனூர்ப் பக்கம் ஒரு மண்டிக்குப் போனேன். "வெவசாயிக்கு முன்பணம் குடுத்திருப்போம் தம்பி. அதைக் கழிச்சு எவ்வளவு பாக்கின்னு சிட்டையில வரணும். வரலேன்னா நோட்டுலதான எழுதணும்?" என்றார். பதிவு எண்ணிக்கையை நூறு வருடம் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

ஏழு மாதத்துக்குப் பணம் இருக்கிறது. விற்பனைக்கு ஆள் எடுத்தால் பதிவுகள் கூடும், மாதம் ஐந்தாகக் குறையும். முதலில் முன்பணக் கணக்கை முடிப்பது என்று தீர்மானித்தோம். நண்பனுக்கு முழுச் சம்மதம் இல்லை. இரண்டு மாதம் பார்ப்போம் என்றான். நியாயம்தான். 23-இல் இப்போது தினமும் கணக்கு முடிப்பவை 14. அது இறங்கினால் அவன் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.