எந்தச் சீட்டு வாங்குவது?

காலையில் சிதம்பரத்தில் நடராஜ தரிசனம். அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம். படகுத்துறையில் சீட்டு வாங்கப் போனால் ஒரு தர்மசங்கடம்: மோட்டார் படகா, துடுப்புப் படகா?

"மோட்டார்தான் சீக்கிரம்!" என்றேன்.

"சீக்கிரம் போய் எதைப் பார்ப்பது?" என்றாள் மனைவி.

அவள் சொன்னதே சரி. கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கும் சுரபுன்னைக் காடு இது. மோட்டார் படகு அகன்ற கால்வாயோடு நின்றுவிடும். துடுப்புப் படகோ, இருபுறமும் வேர்கள் விழுதாய் இறங்கும் குறுகிய ஓடைக்குள்ளும் நுழையும்.

2004-ல் சுனாமியின் வேகத்தைத் தணித்து, பின்னால் இருந்த குப்பங்களைக் காத்த காடு அல்லவா! அந்த வேர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் கண்டதும், காலையில் சந்நிதியில் குவிந்த கைகள் மறுபடியும் குவிந்தன.

நீங்கள் போனால் துடுப்புப் படகுக்கே சீட்டு வாங்குங்கள்!