எங்களுக்கும் ஒரு பாடு

கடல் எல்லோருக்கும் பொது. கடலை ஆராயும் கூடமும் எல்லோருக்கும் பொதுவா? ஓராண்டாக இக்கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. விலங்கியல் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஆகவே இதையெல்லாம் வீட்டில் யாரிடமும் கேட்டுத் தெளிய வழியில்லை. படித்தும் பார்த்தும் நானாகத் தெரிந்துகொண்டவற்றை இம்மலரின் வாயிலாக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தாய் பெரம்பூரில் மீன் விற்பவர். விடியுமுன் காசிமேடு சென்று, ஏலத்தில் கூடை எடுத்து, வெயில் ஏறுமுன் கடை விரித்துவிடுவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் பெரிய கொடுவா ஒன்றை அறுத்துக்கொண்டே கேட்டார்: “இத்தினி வருசமா அறுக்கறேன் கண்ணு, சின்னக் கொடுவாவுல சினை பாத்ததே இல்ல. பெருசுலதான் கீது. அது இன்னா கணக்கு?”

எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்தில் தேடினேன். லேட்டஸ் கால்காரிஃபெர் என்னும் கொடுவா முதலில் ஆணாகவே முதிர்கிறது; சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்தபின், பெண்ணாக மாறுகிறது! குஞ்சுப் பருவத்தில் உப்பங்கழிகளில் வளர்ந்து, இனப்பெருக்கத்திற்கு முகத்துவாரத்தையும் கடலையும் நாடுகிறது. அறிவியலார் நுண்ணோக்கியில் கண்டதை என் தாய் அரிவாள்மனையில் கண்டிருக்கிறார்! ஆனால் அவருடைய கணக்கை எழுதி வைக்க ஏடில்லை. அதைச் சோதித்துப் பார்க்க இடமில்லை.

எனக்கு ஓர் ஆசை பிறந்தது. பல அளவுள்ள கொடுவாக்களின் இனப்பெருக்க உறுப்பை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஆண் பெண்ணாக மாறும் அந்த இடைநிலையை என் கண்ணால் காண வேண்டும். அதற்குப் புது மீன் வேண்டும்; சீவல் எடுக்கும் மைக்ரோடோம் வேண்டும்; உடனிருந்து வழிகாட்ட ஒருவர் வேண்டும். இவை எல்லாம் ஓரிடத்தில் இருப்பது கடல் ஆய்வு நிலையத்தில்தான். பாடம் நடத்திய பேராசிரியர் மனமுவந்து கையொப்பமிட்டுக் கொடுக்க, கடற்கரையோரம் உள்ள நிலையம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். கோடை விடுமுறையில் பத்து நாள் இடம் கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: முதுகலை மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டுமே அனுமதி, அவர்களும் நாளொன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்த வேண்டும், தங்குமிடத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிலைப் படித்துக் காட்டியதும் அம்மா சிரித்தார். “மீனப் பாக்கறதுக்கு லெட்டரு கேக்கறாங்களா? காசிமேட்டுக்கு வா, நான் காட்டறேன்.” சிரிப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்நிலையத்தின் மீது நான் பழி சொல்ல வரவில்லை. இடம் குறைவு, கருவிகள் விலை மிக்கவை என்பது உண்மை. கட்டுப்பாடும் தேவையே. பாம்பனை அடுத்த குருசடைத் தீவை உயிரியலாளரின் சொர்க்கம் என்பார்கள். சென்னை அருங்காட்சியகம் 1927ஆம் ஆண்டிலேயே அத்தீவின் கடலோர உயிரினங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டது. நம் பாடத்தில் வரும் பலானோகுளோசஸ் அங்கே மணலுள் உயிரோடு வாழ்வது. நாடெங்கும் இருந்து விலங்கியல் மாணவர்கள் அத்தீவை நாடிச் சென்றனர். கூட்டம் கூட்டமாகச் சென்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் புட்டியில் அடைத்தால் எந்தத் தீவு தாங்கும்? 1986 முதல் அது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அடக்கம். வனத்துறையின் அனுமதி வேண்டும். அது சரியே. கதவு இருப்பது குற்றமன்று. யார் தட்டினால் திறக்கும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதல்வர் என்று ஆன்டன் டோர்ன் என்னும் ஜெர்மானியரைச் சொல்லலாம். 1872இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், கடலோரத்தில், அவர் ஓர் ஆய்வு நிலையம் கட்டத் தொடங்கினார். கீழ்த்தளத்தில் பொதுமக்கள் காசு கொடுத்துக் காணும் மீன் காட்சியகம். மேலே ஆய்வாளர்க்கு மேசைகள். ஒரு நாட்டு அரசோ பல்கலைக்கழகமோ ஆண்டுக் குத்தகைக்கு ஒரு மேசையை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் அனுப்பும் அறிஞர் வந்து அமர்ந்தால், கடல்நீர்த் தொட்டியும் கண்ணாடிக் கலங்களும் வேதிப்பொருள்களும் அவருக்காகக் காத்திருக்கும். அவர் கேட்ட உயிரினத்தை நிலையத்தின் மீனவர்கள் பிடித்து வருவார்கள். இன்ன நாட்டார், இன்ன மதத்தார் என்ற பேதமில்லை. எதை ஆராய வேண்டும் என்ற கட்டளையும் இல்லை. நம் மரபியல் பாடத்தில் சட்டன்–பொவேரி கொள்கை என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பொவேரி கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தது நேப்பிள்ஸ் நிலையத்தில்தான்!

அங்கும் எல்லோருக்கும் இடம் எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்கப் பெண்கள் 1898இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, பணம் திரட்டி, நேப்பிள்சில் பெண் ஆய்வாளர்களுக்காகவே ஒரு மேசையை எடுத்தார்கள். தனியொருத்தியாய்ப் போய்க் கதவைத் தட்டுவதைவிடப் பலர் கூடி ஒரு மேசையைப் பெறுவது எளிது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த பதில் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதன் சுமை பாதியாகக் குறைந்திருந்தது.

நேப்பிள்ஸ் நெடுந்தொலைவு. பழவேற்காடு அருகில் உள்ளது. பெரம்பூரில் மின்ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சேர்ந்துவிடலாம். தோழியர் இருவருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்றேன். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் ஒரு பகுதி தமிழகத்திலும் கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டா. முகத்துவாரம் மணல் மூடிப் போனால் கடல்நீர் வராது, இறால் வராது, கொடுவாவுக்கும் வழியில்லை.

கரையில் வலை சீர் செய்துகொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “தாத்தா, இவ்வளவு பெரிய ஏரியில் யார் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாமா?” என்று கேட்டேன். “அது எப்பிடி பாப்பா? பாடு வந்தாத்தான் எறங்கணும். நம்ம பாடு இல்லாத அன்னிக்குக் கரையிலதான் நிக்கணும்” என்றார்.

பாடு என்பது பழவேற்காட்டு மீனவர்களின் பழைய ஏற்பாடு. இறால் நன்றாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளை ஊர்கள் தமக்குள் பங்கிட்டு, இன்று இவர் நாளை அவர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். வலியவன் நல்ல இடத்தையே நாளும் பிடித்துக்கொள்ள முடியாது. எளியவனுக்கும் ஒரு நாள் நல்ல நீர் கிடைக்கும். அதே சமயம் பாடும் எல்லோருக்கும் திறந்ததன்று. அது குறிப்பிட்ட மீனவ ஊர்களின் உரிமை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அதில் இடமில்லை. நேப்பிள்சின் மேசைக்கும் பழவேற்காட்டின் பாட்டுக்கும் எத்தனை ஒற்றுமை பாருங்கள்! இரண்டும் பொதுவானதை முறை வைத்துப் பகிரும் வழிகள். இரண்டிலும் வெளியே நின்றவர்கள் இருந்தார்கள்.

இனி நம் நாட்டு நிலையங்களைப் பார்ப்போம். 1947இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. 1963இல் பல்கலைக்கழக மானியக் குழு அதனை உயர் ஆய்வு மையமாக ஏற்றது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியில், 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுக் களம் உள்ளது. என் தாய் அறுக்கும் அதே கொடுவாவை அந்நிறுவனத்தார் 1997இல் இந்தியாவிலேயே முதன்முறையாகத் தொட்டியில் முட்டையிடச் செய்தனர். பழவேற்காட்டு ஏரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவரோ ஒரு கல்லூரி ஆசிரியர். சென்னைக் கிறித்துவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் அவ்வேரியின் உயிரினங்களைத் தொகுத்து எழுதிய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006இல் வெளியிட்டது. கல்லூரியில் இருந்துகொண்டே ஓர் ஏரியை ஆராய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதெல்லாம் ஒரு மாணவியின் ஆசை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 2017 சனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் ஒதுங்கிய கரிய குழம்பை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழியில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. அந்த மாதம் எங்கள் தெருவில் மீன் வாங்க ஆளில்லை. “எண்ணூரு மீனா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்களே அதிகம். இழப்பு எவ்வளவு என்று கேட்டால், முன்பு என்ன இருந்தது என்ற கேள்வி எழுகிறது. எந்த மாதம் எந்த மீன் வந்தது, நீரின் உப்பு எவ்வளவு, சேற்றில் எத்தனை வகை மட்டி இருந்தது என்று வாரந்தோறும் எழுதி வைத்த ஏடு இருந்தால் மீனவர் பக்கம் அந்த ஏடே சாட்சி சொல்லும். அப்படிப்பட்ட ஏட்டை எப்போதோ வந்து போகும் விருந்தினர் எழுத இயலாது. அருகில் வாழ்கிறவர்கள், ஆண்டுதோறும் மாறாமல் வருகிறவர்கள்தாம் எழுத முடியும். வடசென்னைக் கல்லூரி மாணவர்களைவிட அதற்கு ஏற்றவர் யார்?

ஆகவே என் மனத்தில் தோன்றிய யோசனையைப் பணிவோடு முன்வைக்கிறேன். ஒரு கல்லூரியால் முடியாதது நான்கு கல்லூரிகளால் முடியும். அரசு கலைக் கல்லூரிகள் சில கூடி, உப்பங்கழியோர நிலையம் ஒன்றில் ஆண்டு முழுவதும் ஒரே ஒரு மேசையைக் கேட்டுப் பெறட்டும். இளங்கலை மாணவர் இருவர் இருவராக, பழவேற்காட்டார் போல் பாடு வைத்துக்கொண்டு, அங்கே சென்று வரட்டும். நிலையத்தாரின் விதிகளுக்கு அவர்கள் கட்டுப்படட்டும். செல்கிறவர் மீனைப் புட்டியில் அடைத்து வர வேண்டாம்; நீரின் வெப்பம், உப்பு, அன்று கரைக்கு வந்த மீன்வகை, அவற்றின் அளவு ஆகியவற்றை ஒரே ஏட்டில் எழுதி வைத்துவிட்டு வரட்டும். ஏடு மேசையிலேயே இருக்கட்டும். மாணவர் மாறுவர், மேசை மாறாது. மீன் விற்கும் தாய்மார்களும் வலை இழுக்கும் தந்தையரும் சொல்லும் செய்திகளுக்கும் அவ்வேட்டில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வரும் கோடையில் மறுபடியும் கடிதம் எழுதப் போகிறேன். இம்முறை எனக்காக மட்டும் எழுதப் போவதில்லை. என் வகுப்புத் தோழர் பதினொருவர் கையொப்பமிட ஒப்பியிருக்கிறார்கள். முதலாண்டுத் தம்பி தங்கையரே, நாங்கள் படிப்பை முடித்துச் செல்லும்போது மேசை கிடைத்திருக்குமோ இல்லையோ, அறியோம். கிடைக்காவிட்டால் நீங்கள் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் எங்களைவிட அதிகக் கையொப்பங்கள் இருக்கட்டும்!