நாயகனுக்குப் பக்கத்தில் நின்றவர்

டெல்லி கணேஷ் என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் உடனே விளங்காது. 'சிந்து பைரவி' படத்து மிருதங்கக்காரர் என்றால் வாப்பாவுக்கு விளங்கும். சாம்பாருக்குள் மீன் விழுந்த கதையில் வரும் சமையற்கார ஐயர் என்றால் உம்மா சிரிக்கத் தொடங்கிவிடுவார். "அவரா? அவர் எல்லாப் படத்திலயும் வாறவர்தானே" என்பார் வாப்பும்மா. நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஒருவருக்கு எங்கள் வீட்டில் இருந்த அறிமுகம் இவ்வளவுதான். 2024 நவம்பர் 9 ஆம் திகதி அவர் தமது எண்பதாவது வயதில் சென்னையில் காலமானார். செய்தியில் படத்தைக் காட்டியபோது வாப்பா, "மொகம் நல்லாத் தெரியும், பேர்தான் தெரியாம இருந்த" என்றார். அந்த வசனம் என் மனதில் தங்கிவிட்டது.

எங்கள் கல்லூரிச் சஞ்சிகையில் சினிமா நடிகர் ஒருவரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். நான் எழுத வந்தது நட்சத்திரங்களின் பகட்டைப் பற்றி அல்ல. நாற்பது வருடங்களுக்கு மேலாக இன்னொருவருக்குப் பக்கத்தில் நின்று தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரு மனிதரைப் பற்றியே எழுதுகிறேன். அவரைப் பற்றித் தேடிப் படித்ததில் என்னுடைய சொந்தக் கேள்வி ஒன்றுக்கும் வழி தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் 1944 இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வல்லநாட்டில் பிறந்தவர். சினிமாவுக்கு வருமுன் 1964 முதல் 1974 வரை பத்து வருடங்கள் இந்திய விமானப் படையில் வேலை செய்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா என்ற குழுவில் சேர்ந்து தமிழ் நாடகங்களில் நடித்தார். கே. பாலசந்தர் 1977 இல் வெளிவந்த 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார். கணேசன் என்ற பெயரை டெல்லி கணேஷ் என்று மாற்றியவரும் அவர்தான். கிராமத்துக் குடும்பமொன்று பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போய்ப் படும் பாடுதான் அந்தப் படத்தின் கதை. ஹாலிஎல, தெமோதரை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் வீடுகளில் அந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கணக்குப் பார்த்தேன். முதற்படம் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. ஒரு பரீட்சைப் பெறுபேற்றோடு வாழ்க்கை முடிவாகிவிடும் என்று பயந்துகொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த எண் கொஞ்சம் ஆறுதல் தரும்.

துணை நடிகர் என்றால் நாயகனுக்கு உதவியாக இரண்டு வசனம் பேசிவிட்டுப் போகிறவர் என்றுதான் நானும் என் தோழிகளும் நினைத்திருந்தோம். அவருடைய சில பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும்.

துரை இயக்கி 1979 இல் வெளிவந்த 'பசி' படத்தில் சென்னைச் சேரியில் வாழும் ரிக்‌ஷாத் தொழிலாளியாக, குப்பை பொறுக்கும் பெண்ணொருத்தியின் தந்தையாக வருகிறார். மகளாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. படம் வெளியானபோது ஷோபாவுக்கு என்னுடைய வயதுதான், பதினேழு. டெல்லி கணேஷுக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 1985 இல் வந்த 'சிந்து பைரவி'யில் மிருதங்க வித்துவான் குருமூர்த்தி. குடித்துவிட்டு வந்ததற்காகக் கச்சேரியில் ஒதுக்கப்படுகிறவர். 1987 இல் 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கரின் பக்கத்தில் நிற்கும் ஐயர். 1989 இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன்கள் நால்வரில் ஒருவர். அடுத்த வருடமே 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர் மணி ஐயர். சேரித் தந்தை, வித்துவான், ரௌடியின் தோழன், கொலைகாரன், கல்யாணச் சமையற்காரர் எல்லாம் ஒரே முகம்தான். ஆனால் ஒன்றைப் பார்க்கும்போது மற்றது நினைவுக்கு வருவதில்லை. 1981 இல் வந்த '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தவரும் அவர்தான். அந்தப் படத்தில் முகம்கூட அவருடையதல்ல.

அந்த மீன் காட்சியைப் பாருங்கள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்டது. மரக்கறி மட்டுமே சாப்பிடும் மணி ஐயருக்கு அது சிரிக்கும் விடயமல்ல. தொழில், மானம், ஆசாரம் எல்லாம் போகப் போகிற நேரம். அவர் உண்மையாகவே நடுங்குவதால்தான் நாங்கள் சிரிக்கிறோம். அவரே சிரித்துக்கொண்டு நடித்திருந்தால் எங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. கமல்ஹாசன் அடுத்த வசனத்தைச் சொல்வதற்கு வேண்டிய பயத்தை அவர் முகத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார். எங்கள் நாடகமும் அரங்கியலும் ஆசிரியை, "நடிப்பில் பாதி கேட்பது" என்று அடிக்கடி சொல்வார். அது என்னவென்று இந்தக் காட்சியில்தான் எனக்கு விளங்கியது.

இது தமிழ்ச் சினிமாவில் மட்டும் உள்ள கதையல்ல. ஹொலிவூட்டில் தெல்மா ரிட்டர் என்றொரு நடிகை இருந்தார். வேலைக்காரி, தாதி, வீட்டுக்கார அம்மா போன்ற பாத்திரங்களில் வந்தவர். ஹிட்ச்கொக்கின் 1954 ஆம் ஆண்டுப் படமான 'ரியர் விண்டோ'வில் கால் முறிந்த நாயகனைப் பார்த்துக்கொள்ளும் தாதி அவர்தான். சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதுக்கு ஆறு முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஒரு முறையும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் நடிப்பதை நிறுத்தவில்லை.

எங்கள் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. வானொலி நாடகமாகப் புகழ்பெற்று 1976 இல் திரைப்படமான 'கோமாளிகள்' பற்றி வாப்பும்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் எங்கள் முஸ்லிம் பேச்சுத் தமிழில் வெளுத்து வாங்கிய மரிக்கார், ராமதாஸ் என்ற தமிழர். ஐயராக நடித்தவரோ அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத். ஒருவர் மற்றவரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டிராவிட்டால் இது நடந்திருக்குமா?

இனி எங்கள் கடைக்கு வருகிறேன். வாப்பாவுக்குப் பதுளை நகரில் ஒரு சிறிய பலசரக்குக் கடை இருக்கிறது. நமுனுகுலை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களே எங்களுடைய பழைய வாடிக்கையாளர்கள். விடுமுறை நாட்களில் நானும் கடையில் இருப்பேன். ஒரு நாள் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் இரண்டு கிலோ கோதுமை மாவை ஒரு கிலோவாகக் குறைக்கச் சொன்னார். "இன்னக்கி அரப் பேருதாங்க மொதலாளி, மலையில கொழுந்தே இல்ல" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன கிலோ எடுத்தால் முழுப் பேர், எடுக்காவிட்டால் அரைப் பேர். காலையில் பிரட்டுக்குப் போய் நாள் முழுதும் மலையில் நின்றவருக்கு மாலையில் கொப்பியில் விழுவது பாதிப் பேர். அவர் பறித்த கொழுந்து உலகமெல்லாம் போகிறது. தேயிலைப் பெட்டியின் மேல் இருப்பது கம்பனியின் பெயர். 'பசி' படத்து ரிக்‌ஷாத் தந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் நினைவு வருகிறது. ஒரு நல்ல துணை நடிகர் வந்து நிற்கும்போது, படத்தில் கதையே இல்லாத ஆட்களுக்கும் வீட்டில் ஒரு கதை இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம். அவர்களுக்கும் முழுப் பேர் விழுகிறது.

இப்போது என் கேள்வி. உயர்தரத்தில் நான் தெரிந்தெடுத்த மூன்று பாடங்களில் ஒன்று நாடகமும் அரங்கியலும். அதை எடுப்பதற்கே வீட்டில் இரண்டு வாரம் கதைக்க வேண்டியிருந்தது. "பொம்புளப் புள்ள மேடையில ஏறினா நாலு பேர் என்ன செல்லுவாங்க?" என்று உம்மா கேட்டார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதமல்ல என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில், பரீட்சைக்கு ஒரு பாடம்தானே என்ற அளவில் ஒத்துக்கொண்டார்கள். பரீட்சை முடிந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பம் வரும். நாடகத்தையே பட்டப் படிப்பாக எழுத வேண்டும் என்பது என் விருப்பம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பாடம் உண்டு. நடிகையாக வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. ஊவாவின் தோட்டப் பாடசாலை ஒன்றில் நாடக ஆசிரியையாக இருக்க வேண்டும். பேசக் கூச்சப்படும் பிள்ளை ஒரு சபைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டும்.

சென்ற தவணையில் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக எங்கள் வகுப்பு ஒரு நாடகம் போட்டது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகளின் கடிதத்துக்காக லயத்தில் காத்திருக்கும் தாயின் கதை. நான் தபால்காரர். எனக்கு நான்கு வசனங்கள். வாசிக்கத் தெரியாத தாய் கடிதத்தை என்னிடமே தந்து படிக்கச் சொல்வார். நான் அதை மனதுக்குள் படித்துவிட்டு, சத்தமாகப் படிக்க முடியாமல் நிற்க வேண்டும். ஒத்திகையின்போது அந்த நேரத்தில் எதையாவது செய்யலாமா, தொப்பியைக் கழற்றலாமா, கண்ணைத் துடைக்கலாமா என்று யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தாயாக நடித்த தோழியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி ஐயர் எனக்குக் கற்றுத் தந்தது அதுதான்.

வாப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. எங்கள் நாடகத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. தாயாக நடித்தவளுக்குச் சிறந்த நடிகை விருது. அவளுக்காக நான்தான் எல்லோரையும் விட அதிகமாகக் கைதட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில் வாப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மகள், நீங்க ஒன்டும் பேசாம நின்டீங்களே, அந்த நேரந்தான் நல்லா இருந்திச்சி. அந்தத் தபால்காரருக்கும் வீட்டில ஒரு மகள் இருக்குமோண்டு நெனச்சேன்."

அவர் இன்னும் முழுமனதோடு ஒத்துக்கொள்ளவில்லை. மட்டக்களப்பு தூரம் என்கிறார். தங்குமிடம் எப்படி, யார் கூட்டிப் போவது என்று கேட்கிறார். முன்பு கேள்வியே கேட்காமல் இருந்தவர் இப்போது கேட்கிறார் என்பதே எனக்குப் பெரிய விடயம். உம்மா மட்டும், "டீச்சராகத்தானே போற?" என்று கிழமைக்கு ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்கிறார்.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மேடை என்றதும் ஆடம்பரத்தை மட்டும் நினைக்காதீர்கள். இன்னொருவர் படும் பாட்டை அவர் இடத்திலிருந்து விளங்கிக்கொள்ளவும் அங்கே பழக்குகிறார்கள். தோழிகளே, அடுத்த முறை நாடகத்தில் உங்களுக்குச் சின்னப் பாத்திரம் கிடைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். இன்றிரவு தொலைக்காட்சியில் ஏதாவது பழைய படம் போனால், நாயகனை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிற்பவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது டெல்லி கணேஷ் என்றால் வாப்பும்மாவுக்கும் விளங்குகிறது.