வால்வைப் பிடித்திருப்பவர்

சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024-இல் வந்தது. ஆலைகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கடல்நீரை உள்ளே கொண்டுவரும் குழாயைக் கடலடியில் கிடத்துகிறவர்களைப் பற்றி எழுதி நான் படித்ததில்லை. அவர்கள் வேலையைப் பார்க்கத்தான் அந்தக் கரையோரப் பணியிடம் ஒன்றுக்குப் போனேன்.

குழாய் கறுப்பு பிளாஸ்டிக், எச்.டி.பி.இ. என்கிறார்கள். துருப்பிடிக்காது, அலைக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் நீரைவிட லேசு; உள்ளே நீரை நிரப்பினாலும் மிதக்கும். அதனால் இடைவெளி விட்டுக் கான்கிரீட் எடைகளைப் பூட்டுகிறார்கள். காற்று இருக்கும்வரை மிதக்க வேண்டும், நீர் புகுந்தால் அமிழ வேண்டும். எடைக் கணக்கு இந்த இரண்டுக்கும் பொருந்தியாக வேண்டும்.

கரையில் துண்டுகளை ஒட்டுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முனைகளைச் சீவி, 200 டிகிரிக்கு மேல் காய்ந்த தட்டின் இரு பக்கமும் அழுத்துகிறார்கள். தட்டை உருவிய சில நொடிகளில் இரண்டையும் சேர்த்துவிட வேண்டும். ஆறும்வரை அழுத்தம் தளரக் கூடாது. ஆறியதும் வெல்டர் விளிம்பில் புடைத்திருந்த வளையத்தை விரலால் சுற்றித் தடவினார். "ரெண்டு பக்கமும் ஒரே தடிமனா சுருண்டிருக்கணும் சார். இல்லேன்னா அறுத்துட்டு மறுபடி ஒட்டணும்."

ஒட்டிய குழாயின் இரு முனையையும் மூடி, விடிகாலையில் இழுவைப் படகு கட்டிக் கடலுக்கு இழுத்தார்கள். நண்பகலில் கடற்காற்று எழுமுன் முடித்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை நினைத்தே பார்க்க முடியாது. அலை உடையும் இடத்தில் பள்ளம் முன்பே தோண்டியாகிவிட்டது. மேலே விட்டால் அலை குழாயைப் புரட்டிவிடும்.

கரைப்பக்க முனையில் நீரை விட்டார்கள். உள்ளே அடைபட்ட காற்று கடல்பக்க முனையிலுள்ள சிறு வால்வு வழியாகத்தான் வெளியேற முடியும். அதைத் திறக்கும் அளவுக்குத்தான் குழாய் அமிழும். அவசரப்பட்டால் குழாய் சட்டென்று சரிந்து மடங்கிவிடும், மடங்கியது உதவாது. வளைவு அகலமாகவே இருக்கட்டும் என்று இழுவைப் படகு கடைசிவரை கயிற்றை விறைப்பாகப் பிடித்திருந்தது. வால்வருகே இருந்தவர் பிரஷர் கேஜிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணே, மூடுங்க!" என்று வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. மூடினார். குழாய் பாதி முங்கி, பாதி மிதந்து, அப்படியே நின்றது. கோணலாகிவிட்டால் காற்றை ஏற்றித் திரும்பவும் மிதக்கவிடலாமாம். அவ்வளவு பெரிய பொருள் ஒரு கைக்கு அடங்கி நின்றதைப் பார்த்து எனக்கு உடல் சிலிர்த்தது.

பிறகு டைவர்கள் இறங்கினார்கள். அந்தக் கலங்கலில் நீட்டிய கை தெரியாது. எடைகள் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று தடவிப் பார்த்தே சொல்கிறார்கள்.

அடுத்து இறங்கப்போவது உப்பு மிகுந்த கழிவுநீரைக் கடலில் விடும் குழாய். அந்த நீர் கனமானது, அடியில் தேங்கிவிடும். அதனால் அதன் வாய்களை மேல்நோக்கி வைத்து, பீய்ச்சிக் கலக்க வேண்டும். ஆலை வந்தபின் கரை அரிக்கிறது என்று அதன் அருகிலுள்ள சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காமல் இந்த வேலையைப் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கரையேறிய டைவர் ஒருவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைதான். கழிவுநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கப்பா வலை போடுற தண்ணி சார் இது. வாய் ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் மேல வருவேன்."